படத்துக்கு ஒரு வழி, பெட்டிக்கு ஒரு வழி

தில்லையம்மாளுக்குத் தொண்டை பெரிது. பிள்ளையார்பாளையத்தின் மேற்குக் கோடியில் பாவடித் தெருவில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால், அடுத்த தெருவில் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவன்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டு, இன்றைக்கு யாருக்கு விழுகிறது என்று காது கொடுப்பான். அவள் கணவர் பரமசிவத்துக்கு நல்ல கை உண்டு, வாய் கிடையாது. அவர் பங்கையும் சேர்த்து இவளுக்கே கொடுத்துவிட்டான் கடவுள் என்று தெருவில் சொல்வார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள், அவளும் சிரித்துக்கொள்வாள்.

அந்தத் தொண்டைக்கு அங்கே வேலை இருந்தது. புடவைக்கு நீளவாக்கில் ஓடும் இழைக்கூட்டமான பட்டுப் பாவு தறிக்கு ஏறுமுன் விடியற்காலையில் அதைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கட்ட வேண்டும். அறுபது அடி நீளம், ஆயிரக்கணக்கான இழை. குறுக்கே கோல்களைக் கொடுத்து, இரண்டு முனையிலும் கயிறு போட்டு இழுத்து, கஞ்சி தடவி, இளவெயிலில் காயவிட்டு, அறுந்த இழையைத் தேடித் தேடி முடிய வேண்டும். பன்னிரண்டு பேர் ஒரே ஆளாக அசைந்தால்தான் காரியம் ஆகும். ஒருவன் கொட்டாவி விட்டால் பாவு ஒரு பக்கம் தொய்யும். அதனால் அதட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டும். முன்பெல்லாம் அவள் மாமனார் அதட்டினார். அவருக்குக் கண் மங்கிய பிறகு வேலை மகனிடம் வந்திருக்க வேண்டும். பரமசிவம் இரண்டு நாள் முயன்று பார்த்தார். அவர் "இழுங்கப்பா" என்றது பக்கத்தில் நின்றவனுக்கே கேட்கவில்லை. மூன்றாம் நாள் தில்லையம்மாள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பொம்பளை அதட்டி ஆம்பளை இழுப்பதா என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். அன்றைய பாவு நூல் பிடித்தாற்போல நேராக வந்தது, முணுமுணுப்பும் அதோடு நின்றது.

அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. கஞ்சி போட்ட பாவைப் பாதியில் சுருட்ட முடியாது. சுருட்டினால் இழையோடு இழை ஒட்டிக்கொண்டு எல்லாம் பாழ். தெருவோ குறுகல். பாவு போட்டுவிட்டால் இரண்டு ஓரத்திலும் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகலாம், அவ்வளவுதான். வண்டி வந்தாலும் மாடு வந்தாலும் காய்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். பிணத்தை மட்டும் காத்திருக்கச் சொல்ல முடியாதல்லவா? அதனால் தெருவில் ஒரு சாவு என்றால் முனைக்கயிற்றைத் தளர்த்தி, பன்னிரண்டு பேரும் கோல்களைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார்கள். பட்டின் கீழே பாடை போகும். பாடைதான் முதலில் நுழைய வேண்டும். மேளக்காரர்கள்கூட ஓரமாகப் போய் அந்தப் பக்கம் காத்திருப்பார்கள். பிணத்துக்கு முன்னால் பாவுக்கு அடியில் நடப்பவர் சீக்கிரமே அதே வழியில் படுத்துக்கொண்டு போவார் என்று ஒரு பயம்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்த சேரிக்கு இந்த மரியாதை கிடையாது. கல்லறைத் தோட்டம் பாவடித் தெருவின் வடக்கு முனையைத் தாண்டி அரை மைலில் இருந்தது. ஆனாலும் சேரிச் சாவு ஏரிக்கரை வழியாக மூன்று மைல் சுற்றித்தான் போக வேண்டும். யார் போட்ட சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அறுபத்தாறாம் வருஷம் ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை பெய்து ஏரிக்கரை உடைந்துகொண்டது. நான்காம் நாள் வெயில் முகம் காட்டியதும் தில்லையம்மாள் அவசர அவசரமாகப் பாவு போட்டாள். அந்த நேரம் பார்த்து அந்தோணியின் தகப்பனார் பாடை தெருமுனையில் வந்து நின்றது. அந்தோணி சேரிக்காரன், சாயப்பட்டறையில் பட்டு அலசும் ஆள். அவன் கையில் அலசாத பாவு அந்தத் தெருவில் கிடையாது. கரை உடைந்துவிட்டது, இன்றைக்கு ஒரு நாள் விடுங்கள் என்று கேட்டான். தெரு நாட்டாண்மை கலியாணசுந்தரம் வாயைத் திறக்கவில்லை. தில்லையம்மாளைப் பார்த்தார். அவள் பெரிய தொண்டையைத் திறந்தாள்.

"பாவு ஈரமா இருக்குதுபா. தூக்கினா அறுந்துடும். கரை வழியாவே பாத்துப் போங்க."

பொய். போன மாசம்தான் தெருக்காரர் ஒருவருக்காக இதைவிட ஈரமான பாவைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பாடையைத் தூக்கி வந்த நாலு பேரில் அந்தோணியின் மகன் சிட்டிபாபுவும் ஒருவன். பதினேழு வயசு. அவன் தில்லையம்மாளை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினான். பாடையைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு மார்பளவுத் தண்ணீரில் வயல் வழியாகப் போனார்கள் என்று சாயங்காலம் பட்டறையில் பேசிக்கொண்டார்கள். தில்லையம்மாளுக்கு அன்று இரவு சாப்பாடு எப்போதும்போல் இறங்கியது. இதையும் சொல்லத்தான் வேண்டும். நெருடல் பிறகுதான் வந்தது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. பட்டறைக்குப் போகும்போதெல்லாம் அந்தோணி அலசிய பட்டை எப்போதும்போல இரண்டு கையாலும் நீட்டுவான். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால் பதிலுக்குப் பத்து வார்த்தை திட்டிவிட்டு அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

சிட்டிபாபு மறு வருஷமே பட்டாளத்துக்குப் போய்விட்டான். எழுபத்தொன்று டிசம்பரில் வங்காளப் பக்கம் சண்டை நடந்தபோது அவன் அங்கே இருந்தான். சண்டை முடிந்து ஊரெல்லாம் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த வாரத்தில் அந்தோணி வீட்டுக்குத் தந்தி வந்தது. உடலை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். தை மாசக் கடைசியில் ஒரு ஹவில்தார் வந்து கறுப்பு டிரங்குப் பெட்டியை ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒரு ஜோடி யூனிபாரம், ஒரு ஜெபமாலை, சவரக் கத்தி, பாதி எழுதிய கடிதம். தாத்தா கல்லறைக்குப் பக்கத்தில் அந்த யூனிபாரத்தையாவது அடக்கம் செய்ய வேண்டும் என்று தாய் பட்டம்மாள் கேட்டாள். பாதிரியாரும் சம்மதித்தார்.

இங்கேதான் தனசேகரன் நுழைகிறார். ஊரில் கட்சிக்காரர். அடுத்த தேர்தலில் தனக்குத்தான் சீட்டு என்று தானே சொல்லிக்கொண்டிருந்தவர். நம் மண்ணின் வீரனை ஊமையாகவா அனுப்புவது என்று பொங்கிவிட்டார். பொங்கியது வேஷம் என்று சொல்ல முடியாது. அவருக்கு அழுகையும் வந்தது, மேடையும் வந்தது, இரண்டும் சேர்ந்தே வந்தன. சிட்டிபாபுவின் பட்டாளத்துப் படத்தை இரண்டடி உயரத்துக்குப் பெரிதாக்கச் சொன்னார். பாவடித் தெருவின் வடக்கு முனையில் மேடை, படத்திறப்பு, பூ ஜோடித்த ஜீப்பில் படம், முன்னால் பாண்டு வாத்தியம், தெருவுக்கே சிட்டிபாபுவின் பெயர். சுவரொட்டியும் அடித்து ஒட்டியாயிற்று. அதில் தனசேகரன் கும்பிட்டுக்கொண்டு நின்றார். சிட்டிபாபு மேல் மூலையில் தபால் தலை அளவில் இருந்தான்.

நாட்டாண்மை கலியாணசுந்தரம் ஒரு நாள் முழுக்க யோசித்தார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. வழக்கத்தை மீறினால் தெரு தன்னை என்ன சொல்லும் என்ற ஒரே பயத்தில் நரைத்துப்போனவர். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். தெருவுக்குப் பெயர் வைக்கட்டும். படம் ஜீப்பில் தெரு வழியாகப் போகட்டும், படம்தானே. பெட்டி அப்படியில்லை, அது சாவுக் கணக்கில் சேர்ந்தது. பெட்டி ஏரிக்கரை வழியாகவே வரட்டும். தனசேகரனுக்கும் இது பிடித்துப்போயிற்று. "ரெண்டும் மேடைகிட்ட வந்து சேந்துடப் போவுது, அவ்ளோதானே" என்றார்.

இதைச் சொல்ல நாட்டாண்மை சாயப்பட்டறைக்கு வந்தபோது தில்லையம்மாள் அங்கே சாயம் ஏறிய பட்டு வாங்க நின்றிருந்தாள். பட்டம்மாள் அடுப்புக்கு விறகு கொண்டுவந்து போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தோணி, படம் நம்ம தெரு வழியா ஜாம்ஜாம்னு வரும்பா" என்றார் நாட்டாண்மை. "பெட்டிய மட்டும் நீங்க கரை வழியா எடுத்தாந்துடுங்க. வழக்கம்னு ஒண்ணு இருக்குது பாரு."

அந்தோணி சாயம் ஏறிய தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பட்டம்மாள்தான் கேட்டாள்.

"நாட்டாமக்காரே, படத்துல இருக்கறது யாரு?"

"இன்னாம்மா கேள்வி இது? உம்புள்ளதான்."

"பெட்டியில இருக்கறது?"

நாட்டாண்மை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவன் வங்காளம் வரைக்கும் போனான். எந்த வழியாடா வந்தேன்னு அங்க யாரும் கேக்கல. இந்தத் தெருவுக்குள்ள மட்டும் ஒரு நாளும் செருப்புக் காலோட நடந்ததில்ல. எம் மாமனார தண்ணியில தூக்கிக்கினு போனோம். எம்புள்ளைய அப்பிடித் தூக்க மாட்டேன். பெட்டிய வெச்சிக்கினு தெருமுனையில உக்காந்துடுவேன். நீங்க படத்த எடுத்துக்கினு போங்க."

அவள் அழவில்லை, குரலும் உயரவில்லை. சொல்லிவிட்டு அடுத்த விறகுக் கட்டை அவிழ்க்கப் போய்விட்டாள். தில்லையம்மாள் பட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அன்று சாப்பிடும்போது அவள் வாயே திறக்கவில்லை. பரமசிவம் இரண்டு முறை நிமிர்ந்து பார்த்தார், உடம்புக்கு ஏதாவதோ என்று.

"நாளிக்கி நம்ம பாவ போட்டுடலாம்" என்றாள்.

"நாளிக்கி யாரும் போடக் கூடாதுன்னு நாட்டாம சொல்லிக்கிறாரே. ஜீப்பு வருதாமே."

"அதுக்குத்தான்."

பரமசிவம் மேற்கொண்டு கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் ரசம் மட்டும் கேட்டார்.

மறுநாள் விடிவதற்குள் அவள் போட்ட சத்தத்தில் ஆட்கள் வந்துவிட்டார்கள். தில்லை கூப்பிட்டால் வந்துதான் பழக்கம். நாட்டாண்மையிடம் கேட்டாயிற்று என்று அவரவர் நினைத்துக்கொண்டார்கள். ஏழு மணிக்கெல்லாம் அரக்கு நிறப் பாவு தெரு நீளத்துக்குக் கஞ்சி மினுமினுக்கக் கிடந்தது. தெற்கு முனையில் பட்டம்மாள் சொன்னபடியே பெட்டியை முன்னால் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தோணியும் பெட்டி தூக்க வந்த மூன்று சேரிப் பையன்களும் நின்றிருந்தார்கள். பாதிரியார் குடையை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றார். அவர்களுக்குப் பின்னாலேயே பாண்டு வாத்தியத்தோடு ஜீப் வந்து நின்றது. நாட்டாண்மை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"இன்னா தில்லை இது? சுருட்டு, சுருட்டு!"

"கஞ்சி போட்டாச்சி நாட்டாம. எப்பிடி சுருட்டறது? மூணு பொடவ பாவு."

"ஜீப்பு எப்பிடிப் போவும்?"

"பாவு போட்ட தெருவுல வண்டி போயி என்னிக்கினா பாத்துக்கிறீங்களா? பொணம்தான் போவும்."

அப்போதுதான் எல்லாருக்கும் விஷயம் விளங்கியது. தில்லையம்மாள் ஆட்கள் பக்கம் திரும்பி, "தூக்கு!" என்றாள்.

ஒருவரும் அசையவில்லை. இருபது வருஷத்தில் அவள் குரலுக்கு அப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை. கோல்களைப் பிடித்த கைகள் பிடித்தபடி இருந்தன. கண்கள் நாட்டாண்மையைப் பார்த்தன. பட்டம்மாள் பெட்டியின் மேல் கை வைத்தபடி அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே போனால் நாட்டாண்மை பாவை அறுத்தாவது ஜீப்பை விட்டுவிடுவார். பெட்டி தெருமுனையிலேயே கிடக்கும்.

"அறுவத்தாறுல ஈரமா இருக்குதுன்னு சொன்னேனே" என்றாள் தில்லையம்மாள். அந்தப் பெரிய தொண்டை உடைந்து பாதிச் சத்தம்தான் வந்தது. "பொய். தூக்கியிருக்கலாம். எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் பொய் சொன்னேன், நீங்க எல்லாரும் கேட்டுக்கினு நின்னீங்க. செத்த மனுசன தண்ணியில உட்டோம். எனக்கு அது உள்ள அறுத்துக்கினே இருக்குதுபா. இன்னிக்காவது தூக்குங்க."

வடக்கு முனையில் கயிறு கிறீச்சிட்டது. எல்லோரும் திரும்பினார்கள். பரமசிவம் குனிந்து முளைக்கம்பில் சுற்றியிருந்த கயிற்றை ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கயிறு தளர்ந்த பிறகு கோலைக் கீழேயே பிடித்திருந்தால் பாவு மண்ணில் விழும். நெசவாளி எதைப் பொறுத்தாலும் அதைப் பொறுக்க மாட்டான். வடக்குக் கோடியில் இருந்தவன் தூக்கினான். அடுத்தவன் தூக்கினான். அறுபது அடிப் பாவும் தெற்கு நோக்கி மெல்ல மெல்ல எழுந்து தலைக்கு மேலே போய் நின்றது. தில்லையம்மாளும் ஓடிப்போய் ஒரு கோலைப் பிடித்துக்கொண்டாள்.

இந்த இடத்தில் தனசேகரன் ஒரு காரியம் செய்தார். தெருக்காரர்கள் இரு பக்கமும் வரிசையாக நின்று பட்டைத் தூக்கிப் பிடிப்பதைப் பார்த்ததும், மனிதர் அதைத் தனக்குக் கட்டிய வரவேற்பு வளைவு என்று நினைத்துக்கொண்டார். ஜீப்பிலிருந்து படத்தை இறக்கச் சொல்லி ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டார். மற்றக் கையால் இரு பக்கமும் வணக்கம் வைத்தபடி பெட்டியைத் தாண்டிக்கொண்டு பாவுக்கு அடியில் நுழைந்தார். பத்தடி கம்பீரமாக நடந்திருப்பார். தெருவே "ஐயோ" என்றது.

"ஐயா, முன்னால போவாதீங்க! அது பொணம் போற வழி!"

தனசேகரன் முகத்திலிருந்த வணக்கம் வடிந்துபோயிற்று. திரும்பிய வேகத்தில் தோள் துண்டு கஞ்சி இழையில் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்துக்கொண்டு, படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அவர் வெளியே வந்ததைப் பார்த்து, துக்க வீட்டுக்காரர்களிலேயே ஒரு பையன் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகு யார் சொல்லியும் அவர் பெட்டிக்கு முன்னால் ஒரு அடி வைக்கவில்லை.

பெட்டி நுழைந்தது. அந்தோணி ஒரு பக்கம், பையன்கள் மூன்று பேர். பின்னால் பட்டம்மாள், அவளுக்குப் பின்னால் சேரி ஜனம், எல்லாருக்கும் கடைசியில் படம். பாண்டுக்காரர்கள் வாசிக்க மறந்துபோனார்கள். பெட்டி எடை கொஞ்சம்தான். ஆனாலும் அவர்கள் அவசரப்படாமல் ஒவ்வொரு அடியாக வைத்துத்தான் நடந்தார்கள். தூக்கிப் பிடித்த கோல்கள் ஆடின. இழைகள் டப்டப்பென்று அறுந்து தொங்கின. யாரும் கோலை இறக்கவில்லை. தில்லையம்மாளுக்குக் கண்ணில் நீர் கொட்டியது, இரண்டு கையும் மேலே இருந்ததால் துடைக்க வழியில்லாமல் நின்றாள். நாட்டாண்மை கோலைத் தொடவில்லை. தன் வீட்டு வாசலில் நின்றிருந்தவர், பெட்டி கடக்கும்போது தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவ்வளவு தூரம் வந்ததே அவருக்குப் பெரிய காரியம்.

மேடையில் தனசேகரன் முக்கால் மணி நேரம் பேசினார். நாடு உன்னை மறக்காது என்றார். சிட்டிபாபுவின் பெயர் நாலு முறை வந்தது, அவர் சிறைக்குப் போன கதை அதைவிடக் கூடுதலாகவே வந்தது. தெருப் பெயர்ப்பலகை இரண்டு மழைக்காலம் தாங்கியது. பிறகு எழுத்து உதிர்ந்துவிட்டது, மறுபடி எழுத யாரும் வரவில்லை. தில்லையம்மாளை மூன்று மாசம் தெருவில் யாரும் பாவுக்குக் கூப்பிடவில்லை. நாட்டாண்மை சொல்லிவைத்த கட்டுப்பாடு. அந்த மூன்று மாசமும் பாவு கோணல்மாணலாக வந்து, புடவைகள் சுருங்கிக்கொண்டு கடைகளிலிருந்து திரும்பி வந்தன. நாலாம் மாசம் நாட்டாண்மை வீட்டிலிருந்தே ஆள் வந்தது. அவள் போய் முதலில் அவரைத்தான் திட்டினாள், பிறகு அவர் பாவைப் போட்டாள். அதற்குப் பிறகு ஏரிக்கரை வழியாகச் சேரிச் சாவு போனதில்லை. இதெல்லாம் தெரு அறிந்த கதை. அன்று மத்தியானம் நடந்ததுதான் பலருக்குத் தெரியாது.

கல்லறையில் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்துவிட்டது. பாவில் நூற்றுக்கு மேல் இழை அறுந்திருந்தது. ஆட்கள் போய்விட்டார்கள். தில்லையம்மாளும் பரமசிவமும் மட்டும் வெயிலில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு இழையாக முடிந்துகொண்டிருந்தார்கள். வடக்கிலிருந்து பட்டம்மாள் தனியாக நடந்துவந்தாள். காலில் செருப்பு இருந்தது. தில்லையம்மாள் அதைப் பார்த்தாள், பார்க்காததுபோல் இழையைத் தேடினாள். பட்டம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எவ்ளோ அறுந்துச்சிமா?"

"அறுந்தா முடிஞ்சிக்கலாம் பட்டம்மா." தில்லையம்மாள் நிமிர்ந்தாள். எதற்கெடுத்தாலும் வார்த்தை ஓடிவருகிற வாய் அன்று தட்டுத் தடுமாறியது. "அன்னிக்கி... உன் மாமனார... நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. மனசுல வெச்சிக்காத. மறந்துடு."

பட்டம்மாள் வெயிலுக்குக் கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு, அறுபது அடிப் பாவையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள்.

"அன்னிக்கித் தூக்கல. இன்னிக்கித் தூக்கினீங்க" என்றாள். "ரெண்டையும் மறக்க மாட்டேன்மா."

சொல்லிவிட்டுச் செருப்புக் காலோடு தெருக்கோடி வரைக்கும் நடந்து போனாள்.